இடுப்புயரத்தில் ஒரு வாசல்

முடிக்க வேண்டிய வேலையைக் கண்டால் கோவிந்தப்பனுக்குக் கை எழாது. புதிதாக ஒன்றைத் தொடங்க வேண்டும் என்றால் விடியுமுன் கடப்பாரையோடு நிற்பான். இப்படிப்பட்ட ஆளுக்குச் சொந்தமாக ஒரு பழைய வீடும் வாய்த்து, அதைப் புதுப்பிக்கிறேன் என்று அவன் அதற்குள்ளேயே குடியும் இருந்தால் என்ன ஆகும் என்பதை, ஓசூருக்கும் தொரப்பள்ளிக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊர் பத்துப் பதினைந்து வருஷம் காசு கொடுக்காமல் வேடிக்கை பார்த்தது.

வீடு அவன் அப்பன் விட்டுப்போனது. மண் சுவர், நாட்டு ஓடு, குனிந்து நுழைகிற வாசல். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும். பின்னால் ஒரு சின்ன முற்றம். முற்றத்துக்குப் பின்னால் யானை படுத்தாற்போல் ஒரு பாறை. ஆக மனிதனானாலும் மாடானாலும் போக வர முன்வாசல் ஒன்றுதான். மாடு காலையில் வீட்டுக்கு நடுவே நடந்து தெருவுக்கு வரும். சாயங்காலம் அதே வழியில் முற்றத்துக்குத் திரும்பும். அந்த வரிசையில் எல்லா வீடும் அப்படித்தான். அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு இது தெரியாமல் இருக்க வேண்டுமானால் அதற்குத் தனியாக ஒரு திறமை வேண்டும். அந்தத் திறமை கோவிந்தப்பனுக்கு நிறையவே இருந்தது.

எண்பத்தொன்றில் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் அவனுக்கு வேலை கிடைத்தது. அதுவரை ராகிக் கொல்லையில் களை பிடுங்கிக்கொண்டிருந்தவன். கம்பெனியில் அவன் கையில் ஓர் இரும்புக் கட்டையைக் கொடுத்து மேஜை முன்னால் உட்காரவைத்தார்கள். வந்து விழுகிற பித்தளை வளையங்களுக்குள் அந்தக் கட்டையை விட்டுப் பார்க்க வேண்டும். போனால் ஒரு டிரே, போகாவிட்டால் இன்னொரு டிரே. ஷிஃப்ட் முழுக்க இதுதான் வேலை. ஒரு புத்திசாலிக் கோழியை இரண்டு வாரம் பழக்கினால் அதுவும் செய்துவிடும், டீ பிரேக்கும் கேட்காது. ஆனால் நீலச் சட்டை போட்டுக்கொண்டு கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய முதல் நாளே கோவிந்தப்பன் தன்னை என்ஜினீயராக்கிக்கொண்டுவிட்டான். குழம்பில் உப்பு கூடினால் ‘லிமிட்ட தாண்டிடுச்சி’ என்பான். பிள்ளைகள் அடித்துக்கொண்டால் ‘பிராசஸ் சரியில்ல’ என்பான். மாடு சாணி போட்டால் மட்டும் ஒன்றும் சொல்லமாட்டான்; அதற்குக் கம்பெனியில் வார்த்தை இல்லை போலிருக்கிறது.

வீட்டைக் கட்டம் கட்டமாக, அவன் பாஷையில் ஃபேஸ் ஃபேஸாக, புதுப்பிக்கப் போவதாக அறிவித்தான். முதல் ஃபேஸ் அடுப்படி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் சுவரை இடித்தான். இடிக்கிற வேலையில் மனிதன் சூரன்தான், மத்தியானத்துக்குள் முடித்துவிட்டான். கட்டுகிற வேலை மூன்று பொங்கல் தாண்டியும் நடந்தது. அதுவரை அவன் மனைவி கெம்பம்மா, கம்பெனியிலிருந்து அவன் சுருட்டிக்கொண்டு வந்த தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்து களி கிண்டினாள். தெருவில் மழை நின்ற பிறகும் அந்த அடுப்படியில் இரண்டு நாள் பெய்யும். தவளைகள் குடியேறி, துடுப்பு பானையில் இடிக்கிற சத்தம் கேட்டால் வரிசையாக வந்து உட்காரும். ஒரு ஆடிக் காற்றில் அந்தத் தார்ப்பாய் பறந்துபோய் ராயக்கோட்டைத் தக்காளி மண்டியில் விழுந்தது என்றும், அதன்மேல் தக்காளி கொட்டி ஏலம் முடித்த பிறகுதான் திருப்பிக் கொடுத்தார்கள் என்றும் ஊரில் சொல்வார்கள். சொல்வார்கள் என்ன, முதலில் சொன்னதே நான்தான்.

அடுப்படிக்கு ஓடு போடாமலேயே இரண்டாவது ஃபேஸுக்குத் தாவினான். முன்னறைக்குக் காற்றோட்டம் வேண்டுமாம். வாசலுக்கு இடது பக்கம் இருந்த மண் சுவரை இடித்துவிட்டு, ஹாலோ பிளாக் கல்லை வைத்துத் தானே கட்டினான். மேஸ்திரிகளுக்கு லெவல் தெரியாது என்பது அவன் கட்சி. கலவையில் செம்மண்தான் கலந்தான். சிமெண்டை மூட்டையோடு பக்கத்தில் நிறுத்திக் காட்டியிருப்பான், அவ்வளவுதான். நடுவில் ஓர் ஆள் படுக்கிற அகலத்துக்கு ஒரு ஜன்னல். அதன் சட்டம், கதவு எல்லாம் கம்பெனிப் பெட்டிகளைப் பிரித்த பலகை. ‘இந்தப் பக்கம் மேலே’ என்று இங்கிலீஷில் அச்சடித்து ஓர் அம்புக்குறி அந்தப் பலகையில் இருந்தது. கோவிந்தப்பன் அடித்த விதத்தில் அது பூமியைக் காட்டியது. தெருவில் போகிறவர்கள் நின்று தலையைச் சாய்த்துப் படித்துவிட்டுப் போவார்கள். வீட்டுக்காரன் மட்டும் படித்ததில்லை.

சம்பளம் மொத்தமும் ஜல்லியாகவும் மணலாகவும் முற்றத்தில் குவிந்துகொண்டிருந்தபோது அந்த வீட்டில் உலை கொதித்தது கபிலையால். கபிலை என்பது மாடு. ஆனேக்கல் பக்கத்திலிருந்து கெம்பம்மா கல்யாணமாகி வந்தபோது அவள் அப்பன் கன்றாக ஓட்டிவந்து கட்டிவிட்டுப் போனது. காலையும் மாலையும் அதன் பால் சொசைட்டிக்குப் போனது; பிள்ளைகளின் பாடப்புத்தகம், தீபாவளித் துணி எல்லாம் அந்த மடியிலிருந்து வந்தவை. கெம்பம்மா கோபம் வந்தால் கன்னடத்துக்குப் போய்விடுவாள். கபிலையிடம் மட்டும் சந்தோஷத்திலும் கன்னடம்தான் பேசுவாள். புருஷனிடம் அவள் கன்னடத்தில் கொஞ்சி நான் கேட்டதில்லை.

எண்பத்தேழில் நெடுஞ்சாலையை அகலப்படுத்துகிற பேச்சு கிளம்பியது. டீக்கடையில் யாரோ ஒரு சூப்பர்வைசர், புது ரோடு எங்கள் ஊர் வழியாகத்தான் வரப்போகிறது, வந்தால் தெருவே மூன்றடி ஏறிவிடும் என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். டீக்குச் சொன்ன பேச்சு அது. கோவிந்தப்பன் அதைத் தலைக்கு ஏற்றிக்கொண்டான். பெங்களூர் ரோட்டோரத்தில் பழைய வீடுகள் ரோட்டுக்குக் கீழே பள்ளத்தில் கிடப்பதை அவன் தினமும் கம்பெனி பஸ்ஸிலிருந்து பார்க்கிறவன். தார் மேல் தார் போட்டு ரோடு ஏற ஏற, மழைத் தண்ணீர் நேராக அந்த வீடுகளின் படுக்கைக்கு வரும். தன் வீட்டுக்கு அந்தக் கதி வரக்கூடாது என்று முடிவு செய்தான். அதுவரை சரி. அவன் முடிவுகள் எல்லாமே அதுவரை சரியாகத்தான் இருக்கும்.

தரையை மூன்றடி உயர்த்த வேண்டும். தரையை உயர்த்தும் முன்பே வாசல் நிலையை அந்த உயரத்தில் வைத்துவிட வேண்டும். நிலை வைத்தால்தான் வேலை தொடங்கியதாக அர்த்தம், அதற்கு நல்ல நாள் தையிலேயே இருக்கிறது. பிறகு ரோடு வேலையில் தோண்டுகிற மண்ணைச் சும்மாவே வாங்கி வீட்டுக்குள் கொட்டிக்கொள்ளலாம். இதுதான் திட்டம். வீட்டுக்குள் குடியிருக்கிறவர்கள் மண் வரும்வரை என்ன செய்வார்கள் என்பது திட்டத்தில் இல்லை. மாடு எப்படிப் போய்வரும் என்று கெம்பம்மா கேட்டாள். ஒரே மாதத்தில் உள்ளேயும் வெளியேயும் மண் ஏறிவிடும், மாடு ராஜநடை போடும் என்றான்.

இந்த ஒரு வேலைக்கு மட்டும் முனிவேல் மேஸ்திரியைக் கூப்பிட்டான். நிலை வைக்க மேஸ்திரிக்குத்தான் வேட்டி, தாம்பூலம் கொடுக்க வேண்டும் என்பது முறை. முனிவேலுக்கு வேட்டி கிடைத்தால் போதும், நிலையைக் கூரைமேல் வைக்கச் சொன்னாலும் வைப்பான். தையில் ஒரு வளர்பிறை நாளில் பழைய வாசலைப் பெயர்த்தார்கள். கீழே இடுப்புயரத்துக்குக் கல்லையும் கலவையையும் வைத்து அடைத்தார்கள். அடியில் நவதானியமும் பஞ்சலோகத் துண்டும் போட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேங்கைமர நிலையை அதன்மேல் தூக்கி நிறுத்தினார்கள். தேங்காய் உடைத்து, ஊருக்கே கேசரி கொடுத்தார்கள். வந்தவர்கள் வாசலில் படிக்குப் பதிலாகப் போட்ட கம்பெனிப் பெட்டிமேல் ஏறி உள்ளே குதித்து, கேசரி தின்று, மறுபடி ஏறி வெளியே குதித்தார்கள். எதிர்வீட்டுச் சாந்தம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்று, இந்த வண்டி எந்த ஊருக்குப் போகிறது என்று கேட்டாள்.

மாவிலைத் தோரணத்தையும் வாழைக்கன்றையும் தின்றுவிடும் என்று அன்று காலையிலேயே கபிலையை முற்றத்தில் கொண்டுபோய்க் கட்டியிருந்தான் கோவிந்தப்பன். கல்லும் கலவையும் இறுகி, தாம்பூலமெல்லாம் முடிந்து, எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகுதான் முற்றத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. மாட்டை மேய்ச்சலுக்கு அவிழ்க்கிற நேரம்.

ஒரு மாதத்தில் வருவதாக இருந்த மண் வரவில்லை. ரோடு ஊருக்கு அந்தப் பக்கம், ஏரிக்கரை ஓரமாகப் போய்விட்டது. எங்கள் தெருவுக்கு ஒரு கூடை தார்கூட விழவில்லை. டீக்கடையில் சொன்ன சூப்பர்வைசரைத் தேடிக்கொண்டு போனால், அவர் தான் அப்படிச் சொன்னதே ஞாபகமில்லை என்றார். வீடு முழுக்கப் பழைய தரை, பழைய உயரம். வாசல் மட்டும் இடுப்புக்கு மேலே அந்தரத்தில். உள்ளே ஒரு பெட்டி, வெளியே ஒரு பெட்டி. தண்ணீர்க்குடத்தை நிலைமேல் வைத்துவிட்டுத் தானும் ஏறி இறங்கி மறுபடி குடத்தை எடுத்தாள் கெம்பம்மா. தீவனம் அந்த வழியாக உள்ளே போனது, சாணி அந்த வழியாக வெளியே வந்தது. பால் குடமும் போனது, ஆனால் பால் குறைந்துகொண்டே போய் ஒரு நாள் நின்றது. கபிலை சினையாக இருந்தது.

செங்கல்லுக்கும் ஜல்லிக்கும் நடுவில் கபிலைக்குத் திரும்ப இடமில்லை. நின்றபடியே நின்று கால் வீங்கியது. வைக்கோலை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மாட்டு டாக்டர் வந்தார், வாசலைப் பார்த்து இது ஜன்னலா என்று கேட்டார், ஏறிக் குதித்தார். மாடு தினமும் நடக்க வேண்டும், கன்று போட வெட்டவெளி வேண்டும், இந்தக் கல்குவியலுக்கு நடுவில் போட்டால் தாயும் மிஞ்சாது கன்றும் மிஞ்சாது என்று சொல்லிவிட்டு மறுபடி ஏறிக் குதித்துப் போனார்.

அதன்பிறகு கோவிந்தப்பன் ஒரு சாய்தளம் செய்தான். பெட்டிப் பலகைகளை வைத்து உள்ளே ஓர் ஏற்றம், வெளியே ஓர் இறக்கம். அரை நாள் லீவு போட்டு ஆணி அடித்தான். கபிலை ஒரு காலை வைத்தது. பலகை இரண்டாகப் போனது. மாடு டிசைன் வெயிட்டுக்கு மேலே இருக்கிறது என்று அவன் தீர்ப்பு சொன்னான். இதைச் சொன்னபோது முகத்தில் ஒரு வருத்தம்கூட இருந்தது, பலகைக்காக.

அன்று சாயங்காலம்தான் கெம்பம்மா கேட்டாள். தெரு முழுக்கக் கேட்டது; வாசல் அந்த உயரத்தில் இருந்தால் பேச்சு நன்றாகப் பரவும்.

“நிலைய எடுத்துடுங்க. கீழ கட்டுன கல்லயும் எடுத்துடுங்க. மாடு வெளிய போவட்டும், அப்பறமா எங்க வேணா வெச்சிக்குங்க.”

“பூஜ போட்டு வெச்ச நிலைடி. அதுல கை வெச்சா குடும்பத் தலைவனுக்கு ஆவாது. முனிவேல கேட்டுப் பாரு.”

“மாட்டுக்கு ஆவுமா?”

“மாடு இன்னொன்னு வாங்கிக்கலாம். எனக்கு ஏதாச்சும் ஆயிட்டா நீ இன்னா பண்ணுவ?”

கெம்பம்மா யோசித்தாள். ஒரு மனைவி யோசிக்க வேண்டியதைவிடச் சற்று அதிக நேரமே யோசித்தாள். எதிர்வீட்டுச் சாந்தம்மா முறத்தைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன முடிவு வரப்போகிறதோ என்று மூச்சுவிடாமல் நின்றாள்.

“கம்பெனில எது உள்ள போவும் எது போவாதுன்னு பாக்கறதுதான உங்க வேல?” என்றாள் கெம்பம்மா கடைசியில். “அதுக்குத்தான சம்பளம் குடுக்கறாங்க?”

அவனுக்குக் கோபம் வந்தது. வீடு அப்பன் வீடு, நிலை தன் நிலை, தொட்டால் நடக்கிறது வேறு என்று கத்தினான். பிறகு உள்பக்கத்துப் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து, இதயத்துடிப்பு சரியாக இருக்கிறதா என்று மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துக்கொண்டான். நிலையை எடுப்பது பற்றி யாரோ பேசியதற்கே அவனுக்குப் படபடப்பு வந்துவிட்டது.

மறுநாள் அவனுக்கு முதல் ஷிஃப்ட். நீலச்சட்டை தெருமுனை தாண்டியதும் கெம்பம்மா எழுந்தாள். நிலைப்பக்கம் அவள் திரும்பவே இல்லை. அவள் பார்த்தது ஜன்னலை. சாந்தம்மாவைக் கூப்பிட்டு, சோளத்தட்டு ஒரு கை பச்சையாக அறுத்துக்கொண்டு வரச் சொன்னாள். ஜன்னல் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினாள். நான்கு வருஷமாகக் காற்றுக்கு ஆடிப் பழகிய சட்டம் அம்புக்குறியோடு கையில் வந்துவிட்டது. அடிச்சுவரைக் கடப்பாரையால் வரிசை வரிசையாக இறக்கலாம் என்பது அவள் கணக்கு. மாட்டைக் கண்ணெதிரில் வைத்துக்கொண்டால் கை வேகமாக ஓடும் என்று கபிலையை மெல்ல நடத்தி முன்னறைக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். மூன்று மாதத்துக்குப் பிறகு அது நடந்த முதல் நடை.

கடப்பாரைக்கு வேலை வரவில்லை. தெருவில் சாந்தம்மா சோளத்தட்டோடு நிற்பதைக் கபிலை பார்த்துவிட்டது. கழுத்தை நீட்டியது. எட்டவில்லை. மார்பைச் சுவரில் வைத்து ஒரு சாய் சாய்ந்தது. கோவிந்தப்பன் லெவல் பார்த்து, நூல் பிடித்து, லீவு போட்டுப் போட்டுக் கட்டிய சுவர், ஒரு கைப்பிடிச் சோளத்தட்டுக்காகத் தெருவில் போய்ப் படுத்தது. தூசி கிருஷ்ணகிரிவரை தெரிந்தது. தூசி அடங்கியபோது கபிலை தெருநடுவில் நின்று மென்றுகொண்டிருந்தது. சாந்தம்மா புங்கமரத்தடியில் ஓடிப்போய் நின்றிருந்தாள். கெம்பம்மா கல்குவியல்மேல் நடந்து வந்து மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கன்னடத்தில் என்னவோ சொன்னாள். அழுதாள் என்று சாந்தம்மா சொல்கிறாள். தூசியாகவும் இருக்கலாம்.

முதல் ஷிஃப்ட் முடிந்து கோவிந்தப்பன் வந்தபோது ஊரே கூடியிருந்தது. அவன் மாட்டைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்க்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக நிலைக்குப் போனான். பெட்டிமேல் ஏறி நான்கு மூலையையும் தடவினான். பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து வைத்துக் குமிழியைக் குனிந்து பார்த்தான். குமிழி நகரவில்லை. நிலை அசையவில்லை. அவன் சாகமாட்டான். அவன் விட்ட மூச்சு அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும்.

“நிலைக்கு ஒன்னும் ஆவல,” என்றான் எல்லாரையும் பார்த்து.

“அது உங்களுது, நான் தொடல,” என்றாள் கெம்பம்மா. “இந்த வழி என்னுது. இத யாரும் அடைக்கக் கூடாது.”

அவன் அடைக்கவில்லை. அடைப்பதும் ஒரு வேலையை முடிப்பதுதானே. கெம்பம்மா முனிவேலைக் கூப்பிட்டு இரண்டு ஓரத்தையும் பூசவைத்து, மூங்கில் படல் ஒன்று கட்டிக்கொண்டாள். இதற்கு வேட்டி இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். அந்த வாரக் கடைசியில் கபிலை புங்கமரத்தடியில் வெட்டவெளியில், யாரையும் தொந்தரவு செய்யாமல் ஒரு கிடாரிக் கன்று போட்டது. அடுத்த மாதம் பால் சொசைட்டிக்குப் போனது. கம்பெனியில் கோவிந்தப்பன், வீட்டில் மாட்டுக்குத் தனி வாசல் வைத்திருப்பதாகவும் அது தன்னுடைய டிசைன் என்றும் சொல்லிக்கொண்டான். கேட்டவர்களில் ஒருவன் தன் வீட்டுக்கும் ஒரு பிளான் போட்டுத் தரச் சொன்னானாம். முட்டாள்களுக்கு முட்டாள் கிடைக்காமல் போவதில்லை.

அன்றிலிருந்து பிள்ளைகள், விருந்தாளிகள், தபால்காரர், ஓட்டுக் கேட்டு வந்தவர்கள், எல்லாரும் படலைத் தள்ளிக்கொண்டுதான் போனார்கள். கோவிந்தப்பன் மட்டும் போகமாட்டான். பூஜை போடாத வழி. அதுவும் மாடு போகிற வழி. என்ஜினீயர் எப்படிப் போவான்? வெளிப்பெட்டி, நிலை, உள்பெட்டி. போகும்போதும் அப்படி, வரும்போதும் அப்படி. மழையில் ஏறினான், காய்ச்சலில் ஏறினான். தொண்ணூற்று மூன்றில் நாய் துரத்தியபோதும் படல் திறந்தே கிடக்க அதைத் தாண்டி ஓடிப்போய்ப் பெட்டிமேல்தான் ஏறினான்; வேட்டியில் பாதி நாயிடம் நின்றுவிட்டது. பெட்டிகள் இற்றுப்போய்ப் புதிய பெட்டிகள் வந்தன. கபிலையின் கிடாரி வளர்ந்து அதுவும் கன்று போட்டது. முழங்கால்கள் மட்டும் பழைய முழங்கால்களாகவே இருந்தன.

தொண்ணூற்றாறு வாக்கில் ஒரு சாயங்காலம். ஷிஃப்ட் முடிந்து வந்தவன் பெட்டிக்கு எதிரில் நின்றான். வலது முழங்கால் பலாக்கொட்டை மூட்டை மாதிரி வீங்கியிருந்தது. ஒரு காலைத் தூக்கினான், இறக்கினான். மற்றதைத் தூக்கினான், அது தூக்கவே வரவில்லை. சாந்தம்மா எதிர்வீட்டில் வேலையே இல்லாமல் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து மாடுகள் மேய்ச்சல் முடிந்து திரும்பின. கெம்பம்மா படலை விலக்கிப் பிடித்தாள். கிழட்டுக் கபிலை போனது, கிடாரி போனது, கன்று போனது. கோவிந்தப்பன் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தான். கம்பெனித் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். கன்றுக்குப் பின்னால் அவனும் நொண்டிக்கொண்டு உள்ளே போனான்.

கெம்பம்மா படலைச் சாத்தினாள்.

“காலக் கழுவிக்கினு வாங்க,” என்றாள். “மாடு போன வழி.”